போகிக்கு முன் ஆறு நாள்: புதுச்சேரியிலும் கடலூரிலும் ஆண்டுக் கற்களைத் தேடி

முதல் நாள்: கடற்கரைச் சாலை

மார்கழி முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. ஊரெங்கும் பொங்கலுக்கு வெள்ளையடிக்கத் தொடங்கிவிட்டார்கள். பழைய வீடுகளின் நெற்றியில் சுதையால் எழுதிய ஆண்டு எண்களும், நிலைப்படிக்கு மேலும் தூணிலும் வெட்டிய எழுத்துகளும் ஆண்டுக்கு ஒரு பூச்சு வீதம் தூர்ந்துகொண்டே வருவதைப் பல பொங்கல்களாகப் பார்த்து வருந்தியிருக்கிறேன். அதனால் இம்முறை போகிக்கு முன் ஆறு நாளை ஒதுக்கிக்கொண்டு, புதுச்சேரியில் நான்கு நாளும் கடலூரில் இரண்டு நாளுமாக, கட்டடங்களின் மேல் எழுதியிருக்கும் நாள்களை மட்டும் படித்து வருவதென்று திண்டிவனத்திலிருந்து புறப்பட்டேன். அன்றன்று கண்டதை அன்றன்று இரவே எழுதிப் பதிகிறேன்.

முப்பது ஆண்டுக்கு மேல் பத்திர எழுத்தராக இருந்தவன் நான். ஒரு பத்திரத்தில் இரண்டு நாள்கள் இருக்கும். எழுதிக்கொடுத்த நாள் ஒன்று, பதிவான நாள் மற்றொன்று. இரண்டையும் ஒன்றென்று எண்ணிப் படிப்பவர் வழக்கில் தோற்றுப்போவார். கட்டடத்தின் மேலிருக்கும் கல்லும் அப்படித்தான். அடிக்கல் நாட்டிய நாள், கட்டி முடித்த நாள், புனிதப்படுத்திய நாள், பழுது பார்த்த நாள், இடிந்ததை மீண்டும் எழுப்பிய நாள் என்று அதில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் கல்லைப் பார்க்கிற எல்லாரும் அதைக் கட்டடத்தின் வயது என்றே எடுத்துக்கொள்கிறார்கள். இந்த ஆறு நாளும் ஒவ்வொரு கல்லிடமும் நான் கேட்கப்போவது, நீ எந்தச் செயலின் நாளைச் சொல்கிறாய் என்ற ஒரே கேள்விதான்.

காலை ஆறரை மணிக்கே கடற்கரைக்குப் போய்விட்டது என் தவறு. கிழக்கு பார்த்த சுவரில் விடியல் வெயில் நேராக விழும்போது பள்ளமும் மேடும் ஒரே வெளிச்சத்தில் கரைந்துவிடும். பதினொரு மணிக்கு மேல் வெயில் சுவரை உரசிக்கொண்டு இறங்கும்போதுதான் எழுத்தின் ஓரத்தில் மெல்லிய நிழல் கோடு விழும், காலையில் வெறும் சுவராகத் தெரிந்த இடத்தில் அப்போது ஒரு வரி எழுந்து நிற்கும். எனவே முதல் சுற்றைப் பார்வைக்காகவும் இரண்டாம் சுற்றைப் படிப்புக்காகவும் வைத்துக்கொண்டேன்.

பழைய கலங்கரை விளக்கத்தில் 1836 ஜூலை 1 அன்று முதன்முதல் விளக்கேற்றினார்கள். கலங்கரை விளக்கத்துக்குப் பிறந்தநாள் என்றால் சுவர் எழும்பிய நாளைவிட விளக்கு எரிந்த நாளைக் கொள்வதே முறை என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனெனில் கடலில் வந்த கப்பல்காரனுக்கு அதற்கு முந்தைய நாள்வரை அந்தக் கோபுரம் இல்லாததற்குச் சமம். அதற்கு அருகே காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்பது ஊரறிந்த செய்தி. 1750இல் பிரெஞ்சுப் படை செஞ்சியைப் பிடித்தது. தூண்களைச் செதுக்கிய காலம் ஒன்று, அவை ஊர் மாறிய காலம் ஒன்று, இப்போதைய சிலைக்குத் துணையாக நின்ற காலம் ஒன்று. மூன்று காலங்களைச் சுமந்தும் ஓர் எண்கூட மேலே எழுதப்படாமல் நிற்கும் கல் அது.

போர் நினைவுச் சின்னத்தில் 1914, 1918 என்னும் ஆண்டுகள் இருக்கின்றன. அவை மாண்டவர்களின் ஆண்டுகள். சின்னம் திறக்கப்பட்டது 1938 ஏப்ரல் 3 அன்று. போர் ஓய்ந்து இருபது ஆண்டு கழித்து, அடுத்த போர் தொடங்க ஓராண்டும் சில மாதங்களுமே இருந்த நேரத்தில், பிரெஞ்சிந்தியாவிலிருந்து போய்த் திரும்பாதவர்களுக்காக இங்கே மக்கள் கூடியிருக்கிறார்கள். அந்த இடைவெளியை நினைத்துக்கொண்டு கம்பி வேலிக்கு வெளியே வெகுநேரம் நின்றேன்.

பிறகு மேரி கட்டடம். 1870, 1871இல் எழுந்த நகராட்சி மாளிகை அது. 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. அதே முகத்தோற்றத்தில் மீண்டும் கட்டி, 2021 பிப்ரவரி 25 அன்று திறந்தார்கள். பார்வைக்கு 1871, பொருளால் 2021. இப்படியொரு கட்டடத்தின் நெற்றியில் எந்த ஆண்டை எழுதுவது நேர்மை? பத்திரம் எழுதியவன் என்ற முறையில் என் விடை, மூன்று ஆண்டுகளையும் எழுத வேண்டும் என்பதே. விழுந்த ஆண்டையும் சேர்த்து எழுத வேண்டும். பத்திரம் தொலைந்துபோய் நகல் எடுக்கும்போது அதில் நகல் என்று எழுதுகிறோமே, அதுபோல.

இரண்டாம் நாள்: மாதா கோயில்கள்

இன்று முழுவதும் இலத்தீன் எழுத்துகளோடு போயிற்று.

மிஷன் வீதியிலிருக்கும் அமலோற்பவ மாதா பேராலயத்தைப் பழைய புதுச்சேரிக்காரர்கள் இன்றும் சம்பா கோயில் என்கிறார்கள். சேசு சபையாரின் புனித பவுல் கோயில், சாம் பவுல் கோயிலாகி, பின் சம்பா கோயிலாயிற்று. அதாவது வாய்ச்சொல்லில் ஒரு பழைய கோயிலின் பெயர் தங்கியிருக்கிறது, கட்டடமோ அந்தப் பழைய கோயில் அன்று. 1692இல் எழுப்பியது 1693இல் டச்சுக்காரர் வந்தபோது அழிந்தது. பிறகு எழுப்பியதும் நிலைக்கவில்லை. அதன்பின் பெரிதாகக் கட்டியது 1761இல் ஆங்கிலேயர் நகரைத் தரைமட்டமாக்கியபோது போயிற்று. இப்போது நாம் காணும் கோயிலின் வேலை 1770இல் தொடங்கி, 1791 ஜூன் 20 அன்று புனிதப்படுத்தலோடு முடிந்தது. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே இருபத்தோர் ஆண்டு. இந்த இடைவெளியில் 1778இல் நகரம் மறுபடி ஆங்கிலேயர் கைக்குப் போய்த் திரும்பியது என்பதை நினைத்தால், அந்தக் கொத்தனார்களில் எத்தனை பேர் வேலையை விட்டுப்போய்த் திரும்பி வந்தார்களோ என்ற எண்ணம் எழுகிறது.

இங்கே ரோம எண்களைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். 1791 என்பதை அந்த முறையில் எழுதினால் எம், டி, சி, சி, எக்ஸ், சி, ஐ என்று ஏழு எழுத்துகள் வரும். நடுவிலிருக்கும் எக்ஸ் சுண்ணாம்பில் மறைந்துவிட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். மீதியைப் படித்தால் 1801 என்று பிழையே இல்லாத ஓர் ஆண்டு கிடைக்கும், படிப்பவருக்கு ஐயம்கூட வராது. நம் எண்களில் ஒன்று உதிர்ந்தால் அந்த இடம் காலியாகத் தெரியும். ரோம எண்ணில் இடைவெளி கொஞ்சம் அகலமாக இருப்பது மட்டுமே சாட்சி. ஆகவே ரோம எண்ணில் ஆண்டு எழுதிய கல்லைப் படிக்கும்போது எழுத்தைவிட எழுத்துக்கு நடுவிலிருக்கும் வெற்றிடத்தை விரலால் அளக்க வேண்டும். நான் விரல் கணுவால் அளந்தே படிக்கிறேன்.

துய்மா வீதியிலிருக்கும் சம்மனசுகளின் இராக்கினி கோயில் 1855ஆம் ஆண்டைச் சேர்ந்தது. முட்டையின் வெண்கருவைச் சுண்ணாம்போடு குழைத்துப் பூசியது என்று சொல்வார்கள். உள்ளே சுவரைத் தொட்டால் பளிங்கைத் தொட்டதுபோல் கை வழுக்குகிறது.

மாலையில் இரயில் நிலையத்துக்கு எதிரிலிருக்கும் திரு இருதய ஆண்டவர் பசிலிக்காவுக்குப் போனேன். 1902இல் தொடங்கி 1907 டிசம்பர் 17 அன்று மந்திரிக்கப்பட்டது. பங்குக் கோயிலானது 1908 ஜனவரி 27 அன்று. உள்ளே இருபத்துநான்கு தூண்கள். தலைவாயிலுக்கு மேலே பழைய ஏற்பாட்டின் அரசர் முதல் நூலிலிருந்து ஒரு வசனத்தை இலத்தீனில் பொறித்திருக்கிறார்கள். சாலமோன் ஆலயத்தைக் கட்டி முடித்தபின் ஆண்டவர் சொல்வது அது. என் பெயர் என்றென்றும் இங்கே விளங்குமாறு இவ்வில்லத்தைப் புனிதப்படுத்தினேன் என்பது அதன் கருத்து. ஒரு கட்டடத்தின் வாயிலில் பொறிக்க இதைவிடப் பொருத்தமான வசனம் இருக்க முடியாது. கட்டியவர் பெயரோ ஆண்டோ அங்கே முதலிடம் பெறவில்லை. என்றென்றும் என்று சொல்லிவிட்ட பிறகு ஆண்டு எதற்கு என்று நினைத்தார்கள் போலும். ஆனால் மறுநாள் பிறக்கும் தலைமுறைக்கு ஆண்டும் வேண்டும் என்பதே என் கட்சி.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் 1761க்கு முந்தைய ஆண்டு பொறித்த கட்டடம் ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறதென்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. 1761 ஜனவரி 16 அன்று நகரம் சரணடைந்தது. அதன்பின் கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் ஆங்கிலேயர் முறைவைத்து இடித்தார்கள். 1765இல்தான் பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்து, பழைய வீதிக் கோடுகளின் மேலேயே புதிதாகக் கட்டினார்கள். கடற்கரைப் பக்கத்தில் வீதி பழையது, வீடு புதியது. மண்ணில் போட்ட வீதிக் கோடுகளை அழிக்க யாராலும் முடியவில்லை.

மூன்றாம் நாள்: தமிழர் பகுதி

வாய்க்காலுக்கு மேற்கே வந்துவிட்டேன். இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது.

முதலில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. அவர் பெயரிலேயே உள்ள வீதியில் நிற்கிறது. 1738ஐ ஒட்டிக் கட்டியது என்பார்கள். நேற்றுச் சொன்ன இடிப்புக்குத் தப்பிய மிகச் சில வீடுகளில் ஒன்று. கீழே தமிழ்நாட்டு மரத்தூண்களும் முற்றமும், மேலே பிரெஞ்சுப் பாணித் தூண்களும் தளமுமாக இருக்கும். 1736 முதல் 1761 வரை நாள்தோறும் நடந்ததை எழுதிவைத்த மனிதர் அவர். ஆங்கிலத் தேதியையும் தமிழ் ஆண்டு, மாதம், தேதி, கிழமையையும் சேர்த்தே எழுதும் பழக்கமுள்ளவர். கல்லில் நாள் பொறிப்போர் எல்லாரும் அவரிடம் ஒரு வாரம் பாடம் கேட்டிருந்தால் எனக்கு இந்த அலைச்சலே இருந்திருக்காது. 1748 செப்டம்பரில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதை அவர் நாள் குறித்து எழுதியிராவிட்டால், நமக்கு அந்தக் கோயில் அழிந்த நாளைச் சொல்ல ஒரு கல்கூட இல்லை.

அங்கிருந்து தெற்கே திரும்பி நாலைந்து வீதிகள் நடந்தேன். தெருத் தாழ்வாரம், திண்ணை, அதன்மேல் மாடியில் வளைவு சன்னல் என்று அமைந்த வீடுகள் இன்னும் வரிசையாக இருக்கின்றன. ஒரு வீட்டுக் கைப்பிடிச் சுவரின் நடுவில் சுதையில் க, கூ, உ, அ என்று நான்கு எழுத்துகள். அந்த வீட்டுப் பிள்ளைகள், "அது எங்க பூட்டனாரோட மந்திர எழுத்துங்க" என்றார்கள். நான் திண்ணையில் உட்கார்ந்து விளக்கிச் சொன்னேன். தமிழில் ஒன்று என்பதற்குரிய குறி ககரம் போலிருக்கும், இரண்டுக்குரியது உகரம் போலிருக்கும், எட்டுக்குரியது அகரம் போலிருக்கும், ஒன்பதுக்குரியது கூ என்பதைப் போலிருக்கும். ௧௯௨௮ என்று எழுதினால் 1928. பிள்ளைகள் ஓடிப்போய்ப் பாட்டியை அழைத்துவந்து மறுபடி சொல்லச் சொன்னார்கள். பாட்டி கேட்டுவிட்டு, "எங்க மாமனார் கலியாணம் ஆன வருஷம்ங்க அது" என்றார்.

பழைய முறையில் இதையே ஆயிரத்துக்கும் நூறுக்கும் பத்துக்கும் தனிக்குறி வைத்து ௲௯௱௨௰௮ என்று எழுதுவார்கள். சுழியம் வைத்து இட மதிப்பில் எழுதும் வழக்கம் அச்சு பரவிய பின் மிகுந்தது. ஆகவே எண்ணை எழுதிய முறையே எண்ணுக்கு ஒரு சாட்சியாகிறது. ஆண்டுக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳ என்ற குறிகளைப் பத்திரங்களில் ஆயிரம் முறை எழுதிய கை எனக்கு. சுவரில் அவற்றைக் காணும்போது உறவினரைக் கண்டாற்போல இருக்கிறது.

அடுத்து நான் கண்ட வீடுதான் இன்றைய நாளை முழுவதும் எடுத்துக்கொண்டது. ஓடு வேய்ந்த தாழ்வாரத்துக்கு உள்ளே, தலைவாசல் நிலைக்கு மேலே ஒரு கருங்கல் பலகை. அதில் விக்கிரம ௵ தை ௴ என்பது வரை தெளிவாக இருக்கிறது. கீழே இன்னும் ஒரு வரி இருப்பது தடவினால் தெரிகிறது, ஆனால் எனாமல் பெயிண்ட் பல பூச்சுகளாக அடைத்திருக்கிறது. வீட்டுக்காரர் எழுபது வயதைத் தாண்டியவர். பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கும் குடும்பம். என்னை உள்ளே அழைத்து, முற்றத்தில் நாற்காலி போட்டு, காப்பி கொடுத்தபிறகே பேசத் தொடங்கினார்.

"எங்க கொள்ளுத்தாத்தா கட்டினதுங்க. ஆயிரத்து எண்ணூத்து எண்பத்தொண்ணுன்னு எங்க அப்பா சொல்லுவாரு" என்றார்.

விக்கிரம ஆண்டு அறுபதாண்டு வட்டத்தில் பதினான்காவது. வட்டத்தின் முதலாண்டான பிரபவ 1987இல் தொடங்கியது, ஆகவே விக்கிரம 2000 சித்திரையில் பிறந்தது. அறுபது அறுபதாகப் பின்னால் போனால் 1940, 1880. இங்கேதான் பலரும் வழுக்குவார்கள். தமிழாண்டு சித்திரையில் பிறப்பதால், அதன் தை மாதம் அடுத்த ஆங்கில ஆண்டின் ஜனவரியில் வரும். எனவே இந்தக் கல்லின் தை 1881 ஜனவரியிலோ 1941 ஜனவரியிலோ தொடங்கும். 1880ஓ 1940ஓ ஆகாது. அப்பா சொன்ன 1881 கணக்குக்குச் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் 1941உம் அவ்வளவு சரியாகவே பொருந்துகிறது.

நான் கூரையை அண்ணாந்து பார்த்தேன். உள்கட்டில் தேக்கு விட்டங்களின் மேல் செங்கல்லை நிறுத்திவைத்துச் சுண்ணாம்பில் அடுக்கிய மெட்ராஸ் தளம். அது 1881க்குப் பொருந்தும். தெருப்பக்கத்து அறையிலோ இரும்பு உத்திரம் போட்டிருக்கிறது. தலைவாசலுக்கு மேலுள்ள சுவரின் பூச்சு சிமிட்டி, நகத்தால் கீறினால் சுண்ணாம்புபோல் உதிரவில்லை. கல் பதிந்திருப்பது அந்தச் சுவரில்தான். என் ஐயத்தைச் சொல்லத் தயங்கினேன். ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாகச் சொல்லிவரும் ஆண்டை வழிப்போக்கன் ஒருவன் வந்து அறுபது ஆண்டு குறைப்பது முறையா? ஆனாலும் அவரே கேட்டார்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க, ஐயா? மறைக்காம சொல்லுங்க."

சொன்னேன். அவர் முகம் வாடத்தான் செய்தது. நாளை மறுநாள் வெள்ளையடிக்க ஆள் வருவதாகவும், அதற்கு முன் கல்லைச் சுரண்டிப் பார்க்கலாமா என்றும் கேட்டார். கம்பி பிரஷ் போடக்கூடாது, உளி கூடாது, ஆசிட் ஊற்றவே கூடாது, பெயிண்ட் அகற்றும் களிம்பைத் தடவி ஊறவிட்டு மூங்கில் சிம்பால் மட்டும் எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். கடலூர் போய் வந்த பிறகு நானே உடன் இருக்கிறேன் என்று சொல்லி விடைபெற்றேன்.

நான்காம் நாள்: பாரதி பூங்கா, பெயர்ப்பலகைகள்

சுருக்கமாக எழுதுகிறேன், கால் வலி.

பூங்காவின் நடுவிலுள்ள ஆயி மண்டபம் மூன்றாம் நெப்போலியன் காலத்தது. 1863இல் முத்திரப்பாளையத்துத் தண்ணீரை நகருக்குக் கொண்டுவந்ததன் நினைவாக எழுந்தது. அந்தத் தண்ணீர்க் குளத்தை முன்பு வெட்டுவித்தவளாகக் கதையில் வரும் தேவதாசி ஆயியின் பெயரை ஒரு பேரரசன் காலத்து நினைவுச் சின்னம் தாங்கி நிற்கிறது, புதுச்சேரி அரசின் முத்திரையிலும் அந்த மண்டபமே இருக்கிறது. மிஷன் வீதியில் கலவை சுப்பராயச் செட்டியாரின் கொடையால் 1870களில் எழுந்த கலவைக் கல்லூரி. பழைய பிள்ளைகள் அதைக் கல்வே காலேஜ் என்பார்கள். ஊர்ப்பெயர் பிரெஞ்சு வாய்க்குள் போய் வேறாகித் திரும்பி வந்திருக்கிறது.

வீதி மூலைகளில் இருக்கும் நீலப் பலகைகளில் ஆண்டு இருக்காது. ஆனால் பிரெஞ்சும் தமிழும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும் அந்த வெள்ளை எழுத்துகளில் துய்மா, சுய்ஃப்ரேன், பிரான்சுவா மர்த்தேன் என்று ஆளுநர்களும் கடற்படைத் தலைவர்களும் தமிழ் ஒலியை ஏற்று நிற்கிறார்கள். பெயரைக் கொண்டும் காலம் குறிக்கலாம் என்பதற்கு அவை நல்ல பயிற்சி.

நகரின் எல்லையை விட்டு வெளியே போனால் இன்னும் பழைய எழுத்துகள் உண்டு. திருபுவனை வரதராசப் பெருமாள் கோயிலில் முதலாம் இராசாதிராசனின் 1048ஆம் ஆண்டுக் கல்வெட்டு, 260 மாணவரும் 12 ஆசிரியரும் இருந்த ஒரு கல்விச்சாலையைச் சொல்கிறது. பாகூர்ச் செப்பேடு நிருபதுங்கவர்மன் காலத்தில் மூன்று ஊர்கள் ஒரு வித்தியாஸ்தானத்துக்கு, அதாவது கல்விச்சாலைக்கு, கொடுக்கப்பட்டதைச் சொல்கிறது. அவற்றுக்குத் தனியாக ஒரு பயணம் வேண்டும்.

ஐந்தாம் நாள்: கடலூர்

முள்ளோடையைத் தாண்டித் தென்பெண்ணைப் பாலத்தில் பேருந்து ஏறியபோது ஆற்றில் நீர் கொஞ்சம் ஓடிக்கொண்டிருந்தது.

தேவனாம்பட்டினத்துக்கு முதலில் போனேன். 1690இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ஆளுநர் எலிகு யேல் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கிய புனித தாவீது கோட்டை கெடிலத்தின் ஓரத்தில் இருந்தது. அந்த விற்பனையின் எல்லை உலகத்தில் வேறெங்கும் கேள்விப்படாத வகையில் வகுக்கப்பட்டது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தொலைவுக்குள் அடங்கிய ஊர்களெல்லாம் கம்பெனிக்கு. அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நின்றுவிட்டது. எல்லைக்கல் நாட்டாமல் வகுத்த எல்லை! பத்திரத்தின் நான்கெல்லைப் பகுதியைப் பல்லாயிரம் முறை எழுதிய எனக்கு அதைப் படித்த நாள் முதல் ஆற்றவில்லை. 1746 முதல் 1752 வரை தென்னிந்தியாவில் ஆங்கிலேயரின் தலைமையிடம் இதுவே. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்தார். மூன்றாண்டுக்குப் பின் புதுச்சேரியில் ஆங்கிலேயர் அந்தக் கணக்கைத் தீர்த்துக்கொண்டார்கள். இன்று அங்கே படிக்க எழுத்தே இல்லை, சிதைந்த செங்கல் கட்டுகள் மட்டும் இருக்கின்றன.

மஞ்சக்குப்பத்திலும் முதுநகரிலும் பிற்பகல் முழுவதும் அடிக்கற்களைப் பார்த்தேன். பளிங்கில் வெட்டி ஈயமோ கறுப்பு மையோ நிரப்பிய பலகைகள், பள்ளி, சத்திரம், அலுவலகம், பாலம் என்று எங்கும். இவற்றில் ஆண்டு உதிர்ந்திருந்தாலும் காலத்தைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. தென்னாற்காடு மாவட்டம் என்று இருந்தால் 1993 செப்டம்பர் 30க்கு முந்தையது. தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம் என்று இருந்தால் அதற்குப் பின் வந்த சில ஆண்டுகளுக்குள் அடங்கும். கடலூர் மாவட்டம் என்றால் அதற்கும் பின். மதராஸ் மாநிலம் என்றால் 1969 ஜனவரி 14க்கு முன். எழுத்தையும் பார்க்க வேண்டும். 1978இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. லை, ளை, னை ஆகியவற்றை யானைத் தும்பிக்கைபோல் சுழித்தெழுதியிருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தைய கல். ஓர் அலுவலகப் படிக்கட்டின் ஓரத்தில் ஆண்டே இல்லாமல் கிடந்த உடைந்த பலகையில் அந்தத் தும்பிக்கை லையும் தென்னாற்காடு என்ற சொல்லும் சேர்ந்திருந்தன. வாசலிலிருந்த காவலர், "அதுல என்ன சார் இருக்கு, உடைஞ்ச கல்லுதானே" என்றார். அவருக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டு, கல்லைச் சுவர் ஓரமாக நிமிர்த்தி வைத்தார்.

இருட்டுவதற்குள் திருப்பாதிரிப்புலியூர்ப் பாடலீசுவரர் கோயிலைச் சுற்றிவந்தேன். இந்த ஊர் பழைய பாடலிபுரம் என்பார்கள். சமண முனிவர் சர்வநந்தி உலோகவிபாகத்தை எழுதி முடித்த இடமாகக் குறித்த பாடலிகம் இதுவே என்பது அறிஞர் கருத்து. அவர் முடித்த நாளை இருவகையில் குறித்தார்: சக ஆண்டு 380, காஞ்சி அரசன் சிம்மவர்மனின் 22ஆம் ஆண்டு. சக ஆண்டோடு 78 கூட்டினால் 458. இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் சந்திப்பதால், பல்லவ அரசர்களின் வரிசையை ஆண்டுக் கோட்டில் பொருத்துவதற்கு அது ஓர் ஆணியாக உதவியது. ஓர் எழுத்தாளர் ஒரு வரி கூடுதலாக எழுதியதன் பயன் பதினைந்து நூற்றாண்டு கழித்தும் கிடைக்கிறது.

ஆறாம் நாள்: திருவகீந்திரபுரம், மறுபடி புதுச்சேரி

தேவநாதப் பெருமாளைச் சேவித்துவிட்டு, இந்தப் பயணத்தில் நான் மிகவும் விரும்பி வந்த கல்வெட்டைப் பற்றி எழுதுகிறேன். கெடிலக்கரையிலிருக்கும் இக்கோயிலில் மூன்றாம் இராசராசனின் கல்வெட்டு ஒன்று உண்டு. அதன் ஆண்டு யாண்டு 15இன் எதிராமாண்டு என்று குறிக்கப்பட்டிருக்கிறது. பதினைந்துக்கு எதிரே நிற்கும் ஆண்டு, அதாவது பதினாறாம் ஆட்சியாண்டு. அரசன் 1216இல் பட்டத்துக்கு வந்ததைக் கொண்டு கணக்கிட்டால் 1231, 1232. நேரே பதினாறு என்று எழுதாமல் இப்படி எழுதியது ஏன் என்பதற்கு அறிஞர்கள் பல விளக்கம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தவரை ஆவணம் எழுதுவோரின் எச்சரிக்கை அதில் இருக்கிறது.

சோழ அரசன் பெயரால் தொடங்கும் அந்தக் கல்வெட்டு சொல்வதோ அச்சோழன் சிறைப்பட்ட கதை. காடவர் குலத் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் சோழச் சக்கரவர்த்தியைச் சேந்தமங்கலத்தில் பிடித்து வைத்துக்கொண்டு நாட்டை அழிக்கிறான் என்று கேட்ட போசள (ஹொய்சள) மன்னன் வீரநரசிம்மன் துவாரசமுத்திரத்திலிருந்து புறப்பட்டு வந்து பாச்சூரில் தங்கித் தன் தண்டநாயகர்களான, அதாவது படைத்தலைவர்களான, அப்பண்ணனையும் சமுத்திர கோப்பயனையும் ஏவுகிறான். அவர்கள் எள்ளேரி, கல்லியூர்மூலை, தொழுதகையூர் என்று ஊர் ஊராக அழித்துக்கொண்டு வந்து, பொன்னம்பலத்தைத் தொழுது, திருப்பாதிரிப்புலியூரில் விட்டிருந்து, கடைசியில் சேந்தமங்கலத்தை நெருங்கும்போது கோப்பெருஞ்சிங்கன் அஞ்சிச் சோழனை விடுவிக்கிறான். நேற்று மாலை நான் தேநீர் குடித்த ஊரில் அந்தப் படை பாளையமிறங்கியிருந்தது என்பதை நினைத்தால் மெய் சிலிர்க்கிறது. சிறைப்பட்ட அரசனுடைய ஆட்சியாண்டாலேயே அவன் சிறைப்பட்டதைக் குறித்திருக்கிறார்கள். அவன் கையில் நாடு இல்லாதபோதும் கல் அவன் ஆண்டையே எண்ணிக்கொண்டிருந்தது. வென்று மீட்டவன் போசளன். அவனுடைய ஆட்சியாண்டை எழுதவில்லை.

இக்கல்வெட்டுகளின் திதி, நட்சத்திரம், கிழமை ஆகியவற்றைக் கணித்து ஆங்கிலத் தேதியாக்கிய கீல்ஹார்னுக்கும், அதற்கென்றே அட்டவணைகளைக் கணித்துத் தந்த எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளைக்கும் நாம் பட்ட கடன் பெரிது. அவர்களிடம் கணக்கு இருந்தது, படிக்கக் கல்லும் இருந்தது. மணலைப் பீய்ச்சித் துப்புரவு செய்ததில் பல கோயில்களில் எழுத்தின் விளிம்பு மழுங்கிவிட்டது. டைல்ஸ் ஒட்டிய சுவர்களுக்குப் பின்னே போனவற்றை இனி யார் படிப்பது? ஈரக் காகிதத்தை ஒற்றி, மை தட்டி மைப்படி எடுத்துவைத்தவர்கள் அன்று வெயிலில் நின்றிராவிட்டால் இந்த எள்ளேரியும் தொழுதகையூரும் நமக்கு இல்லை.

பிற்பகல் இரண்டு மணிப் பேருந்தில் புதுச்சேரி திரும்பினேன். வீட்டுக்காரர் தாழ்வாரத்தில் ஏணி போட்டுக் காத்திருந்தார். வெள்ளையடிக்க வந்தவர் மற்றச் சுவர்களை முடித்துவிட்டு இந்த ஒரு சுவரை மட்டும் விட்டுவைத்திருந்தார். களிம்பு தடவிக் காலையிலிருந்து ஊறவிட்டிருந்தார்கள். மூங்கில் சிம்பால் நானும் அவர் பேத்தியும் மாறி மாறி எடுத்தோம். பச்சை, அதன்கீழ் மஞ்சள், அதன்கீழ் காவி, அதன்கீழ் சுண்ணாம்பு. நான்கு மணி வெயில் எதிர்வீட்டுச் சன்னல் கண்ணாடியில் பட்டுத் தாழ்வாரத்துக்குள் சாய்ந்து வந்தபோது இரண்டாம் வரியின் தொடக்கம் தெரிந்தது. முதலில் மகரம். பிறகு ரா. பிறகு மறுபடி மகரம், அதன்மேல் புள்ளி இருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை. அடுத்து த, து. கடைசி எழுத்து கல்லின் ஓரம் உடைந்ததில் பாதி போயிருந்தது.

பேத்தி எழுத்துக்கூட்டி, "மராமத்து" என்று படித்தாள்.

விக்கிரம ஆண்டு தை மாதம் மராமத்து. பழுது பார்த்த நாள். அப்படியானால் சிமிட்டிப் பூச்சும் இரும்பு உத்திரமும் கல்லும் 1941. தேக்கு விட்டமும் செங்கல் தளமும் அதற்கு மிகவும் முந்தையவை. எத்தனை ஆண்டு முந்தையவை என்று கல் சொல்லவில்லை. அப்பா சொன்ன ஆண்டை இந்தக் கல்லால் இனி மெய்ப்பிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

வீட்டுக்காரர் ஏணியில் ஏறித் தம் விரலால் அந்த ஐந்து எழுத்தையும் தடவிப் பார்த்தார். பிறகு வெள்ளையடிப்பவரிடம், "கல்லு விளிம்புல நூல் கட்டிக்கோப்பா. அதுக்குள்ள பிரஷ் போகவேண்டாம்" என்றார். அவர் வாளியை இறக்கிவைத்துவிட்டுக் கயிறு எடுக்கப் போனார்.